குளிர்காலமும் இல்லத்தாரின் உரிமைகளும்

(கனடாவின் டொரன்டோ நகரில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் கூடும் பள்ளிவாசல் ஒன்றில், ஜனவரி மாதத்தின் கடைசி வெள்ளியன்று நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ்! கோடையையும் குளிரையும் மாறி மாறி வரச் செய்யும் வல்ல அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக!



நவம்பரில் முதல் பனி விழுந்தபொழுது நம் பிள்ளைகள் சன்னலுக்கு ஓடினார்கள். கைப்பேசியில் படம் எடுத்து ஊரிலிருக்கும் நன்னிக்கும் நன்னாவுக்கும் அனுப்பினார்கள். இப்பொழுது பனி விழுந்தால் எந்தப் பிள்ளையும் ஓடுவதில்லை. ஜனவரி முடியப்போகின்றது, மார்ச் முடியும்வரை, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும், இந்தப் பனி நம்மை விடாது. காலையில் கார் கண்ணாடியைச் சுரண்டுவதும், வாசற்படியில் உப்புத் தூவுவதும், பள்ளிக்கூடம் செல்லும் குழந்தைக்குக் கையுறை, காலுறை, தொப்பி, கனத்த கோட்டு, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக மாட்டி முடித்த பிறகு அந்தக் குழந்தை கழிவறைக்குப் போக வேண்டும் என்று சொல்வதும், எல்லாம் நமக்குப் பழகிவிட்டன. பழகிய பிறகுதான் சலிப்பு வருகின்றது.

இந்த உரையை ஊரிலிருந்து எழுத்தில் வாசிப்போருக்கும் விளங்க வேண்டும் என்பதற்காக ஒரு கணக்கைச் சொல்லுகின்றேன். டிசம்பர் 21ஆம் தேதி வாக்கில் சென்னையில் பகற்பொழுது 11 மணி நேரத்திற்கும் அதிகம். டொரன்டோவில் அது 9 மணி நேரத்தையும் எட்டுவதில்லை. மாலை 5 மணி அடிக்கும் முன்பே மஃரிப் ஆகிவிடும். லுஹருடைய நேரம் தொடங்கி மஃரிப் வருவதற்குள் நான்கரை மணி நேரம்தான். அதிகாலை இருட்டில் வேலைக்குச் சென்று, மாலை இருட்டில் வீடு திரும்பும் சகோதரர், வெள்ளிக்கிழமை இப்பள்ளிக்கு வரும் பொழுதுதான் அந்த வாரத்தில் சூரியனைப் பார்க்கின்றார். கைக்குழந்தையுடன் பத்தாவது மாடியில் இருக்கும் சகோதரிக்கு அதுவும் இல்லை.

அருமைச் சகோதரர்களே! குளிர்காலம் வந்துவிட்டால் ஆலிம்களாகிய நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு செய்தியைச் சொல்லுவோம். குளிர்காலம் முஃமினுக்கு வசந்தகாலம் போன்றது. அதன் இரவு நீண்டிருப்பதால் நின்று வணங்கலாம், பகல் குறுகியிருப்பதால் எளிதில் நோன்பு நோற்கலாம் எனும் கருத்துடைய அறிவிப்பு அது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கின்றார்கள். ஆயினும் கருத்து நல்ல கருத்து. முன்னோர்கள் அதனை ஆர்வமூட்டுவதற்காக எடுத்துச் சொல்லியிருக்கின்றார்கள். நானும் இதே மிம்பரின் அருகில் நின்று சொல்லியிருக்கின்றேன்.

இன்று அதே செய்தியை வீட்டின் உள்ளிருந்து பார்க்குமாறு உங்களை அழைக்கின்றேன். இரவு நீண்டது, உண்மை. யாருக்கு நீண்டது? கணவர் தஹஜ்ஜுதுக்கு எழுகின்றார், மாஷா அல்லாஹ்! அதே இரவில் மூக்கடைத்து மூச்சுவிட முடியாத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நடுக்கூடத்தில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்கின்றாரே மனைவி, அவருக்கும் அந்த இரவு நீண்டதுதான். அவருடைய வசந்தம் எங்கே? ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவரை உறங்கச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு இரண்டு ரக்அத் தொழுகின்றவர் நஃபிலை இழந்துவிட்டார் என்று எந்தக் கிதாபில் இருக்கின்றது?

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்பொழுது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. தம் வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. தம் செருப்பைத் தாமே தைப்பார்கள், துணியைத் தாமே தைப்பார்கள் என்றும் வேறு அறிவிப்புகளில் வருகின்றது. வணக்கத்தையும் வீட்டு வேலையையும் அன்னை அவர்கள் ஒரே மூச்சில் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள்.

குர்ஆனில் குளிர்காலம் எனும் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகின்றது. சூரா குறைஷில், மக்காவாசிகளின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் அல்லாஹ் நினைவூட்டுகின்றான். குளிர்காலத்தில் அவர்கள் யமனை நோக்கிச் சென்றார்கள், அதாவது வெப்பமான நிலத்தைத் தேடிச் சென்றார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் குளிரிலேயே இருக்க வேண்டியவர்கள்; நமக்குள்ள புகலிடம் வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டைப் பற்றி சூரா நஹ்லில் அல்லாஹ் பேசுகின்றான். உங்கள் இல்லங்களை உங்களுக்கு அமைதி பெறும் இடமாக்கினோம் எனும் பொருளில் வரும் அந்த வசனத்தில் "ஸகன்" எனும் சொல் உள்ளது. பின்னர் சூரா ரூமில் கணவன் மனைவி உறவைக் கூறும்பொழுதும், அவளிடத்தில் நீங்கள் அமைதி பெறுவதற்காக எனும் கருத்தில் அதே வேர்ச்சொல்லையே அல்லாஹ் கையாளுகின்றான். வீட்டுக்கும் துணைக்கும் ஒரே சொல்! அரபு மத்ரஸாவில் இந்த இரு வசனங்களையும் வெவ்வேறு ஆண்டுகளில் ஓதினோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது அன்றே தெரியும். ஆனால் ஆறு மாதம் கதவடைத்து வாழும் ஒரு நாட்டுக்கு வந்த பிறகுதான் இந்தச் சொல்லின் கனம் எனக்கு விளங்கியது. வெளியே செல்ல வழியில்லாத காலத்தில் வீட்டின் ஸகன் கெட்டுவிட்டால் மனிதன் போவதற்கு வேறு இடமில்லை.

சகோதரர்களே! இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுகின்றேன்?

குடும்ப வழக்குகளோடு இப்பள்ளியின் அலுவலறைக்கு வருவோர் எல்லா மாதங்களிலும் உண்டு. ஆனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை வருவோர் அதிகம். காரணத்தைக் கேட்டால் வெட்கமாக இருக்கும். ஈர பூட்ஸைக் கம்பளத்தின் மேல் வைத்தது, மீன் பொரித்த வாடை அலுவலகக் கோட்டில் ஏறியது, பிள்ளைகள் கூடத்தில் ஓடியதால் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியது. கோடையில் இவற்றுக்கு யாரும் கோபப்படுவதில்லை. சன்னலைத் திறந்துவிடுவார்கள், பிள்ளைகளைப் பூங்காவுக்கு அனுப்பிவிடுவார்கள், பேச்சு முடிந்துவிடும்.

ஒரு குளிர்காலத்தில், ஃபஜ்ர் தொழுகை முடிந்து எல்லோரும் சென்ற பிறகு, ஒரு சகோதரர் தூணருகில் அமர்ந்திருந்தார். அவர் யார் என்று தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்லுகின்றேன். இரவுப் பணி முடித்து வீட்டுக்குச் சென்றிருக்கின்றார். கூடத்துச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 24 என்று இருந்திருக்கின்றது. அவர் 21க்கு மேல் வைக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தவர். எரிவாயுக் கட்டணம் யார் கட்டுவது என்று இவர் கேட்க, பகலெல்லாம் இந்தச் சுவர்களுக்குள் யார் இருப்பது என்று அவர் கேட்க, பேச்சு வளர்ந்து, தலாக் எனும் சொல் வாயிலிருந்து வந்துவிட்டது. பதினோரு ஆண்டு மணவாழ்க்கை, இரண்டு பிள்ளைகள், மூன்று டிகிரி வெப்பம்.

ஒரு முறைதான் சொல்லியிருந்தார். இத்தா காலத்துக்குள் ருஜூஃ செய்து மீட்டுக்கொள்ள மார்க்கம் இடம் தந்தது, அல்ஹம்து லில்லாஹ். ஆயினும் அச்சகோதரி பின்னர் என் இல்லத்தாரிடம் கூறியதைக் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லைவிட, சொல்லிவிட்டு மீண்டும் 21க்குத் திருப்பி வைத்துவிட்டுப் போனாரே, அதுதான் நெஞ்சில் நிற்கின்றது என்றாராம்.

கோபம் வந்தால் நின்றிருப்பவர் உட்கார வேண்டும், அப்பொழுதும் அடங்காவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அபூதாவூதில் இடம்பெறும் செய்தி இது. இந்த வைத்தியத்தைச் செய்ய விசாலமான தோட்டமோ கடற்கரையோ தேவையில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். ஓர் அறை வீட்டில், வெளியே மைனஸ் 20 இருக்கும்பொழுதும் இதைச் செய்யலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையே அப்படிப்பட்டதுதான். இரவில் நபி (ஸல்) அவர்கள் தொழும்பொழுது, ஸஜ்தா செய்வதற்காகப் படுத்திருக்கும் அன்னையின் காலைத் தொட்டு உணர்த்துவார்கள். அவர் காலை மடக்கிக்கொள்வார். எழுந்ததும் மீண்டும் நீட்டிக்கொள்வார். அந்நாளில் வீடுகளில் விளக்கு இல்லை என்றும் அன்னை சேர்த்துச் சொல்லுகின்றார்கள். ஒருவர் ஸஜ்தா செய்ய வேண்டுமானால் மற்றவர் காலை மடக்க வேண்டிய அளவே இடம்! உலகின் மிகச் சிறந்த இல்லறம் அந்த இருட்டில், அந்த நெருக்கடியில் நடந்தது.

அலீ (ரலி) அவர்களுக்கும் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் இடையில் ஒரு நாள் மனத்தாங்கல் ஏற்பட்டது. அலீ (ரலி) அவர்கள் வீட்டிலிருந்து வெளியேறிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மகளின் வீட்டுக்கு வந்து மருமகனைத் தேடினார்கள். அவர் கோபித்துச் சென்றுவிட்டார் என்று தெரிந்தது. தேடிப் பார்த்தால் அவர் மஸ்ஜிதில் தரையில் படுத்து உறங்குகின்றார், மேலாடை விலகி முதுகில் மண் ஒட்டியிருக்கின்றது. நபி (ஸல்) அவர்கள் அந்த மண்ணைத் தம் கையால் துடைத்து, மண்ணோடு சேர்த்துச் செல்லமாக ஒரு பெயரும் இட்டு எழுப்பினார்கள். அபூதுராப் எனும் அந்தப் பெயரே பிறகு அவர்களுக்கு மிகவும் பிரியமான பெயராயிற்று. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்தச் செய்தியில், தவறு யாருடையது என்று மாமனார் விசாரித்ததாக ஒரு சொல்லும் இல்லை. நம் ஊர்களில் மாமனார் மாமியார்கள் காணொளி அழைப்பில் நடத்தும் விசாரணைகளை இந்த இடத்தில் நான் விவரிக்கப் போவதில்லை.

அலீ (ரலி) அவர்கள் கோபத்தில் பேசிக்கொண்டே நிற்காமல் எழுந்து போனார்கள். போன இடம் அல்லாஹ்வின் பள்ளி. இப்பள்ளியும் சூடேற்றப்பட்ட கட்டடம்தான். கோபம் தலைக்கேறினால் கோட்டை மாட்டிக்கொண்டு இங்கே வாருங்கள். ஏன் வந்தீர்கள் என்று உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆனால் ஃபாத்திமா (ரலி) அவர்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அவர்களிடம் தந்தை வந்தார்கள். இந்த நாட்டில் நம் சகோதரிகளுக்குத் தந்தை பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றார். அவர்கள் எங்கே போவார்கள்? இதற்கு நான் பிறகு வருகின்றேன்.

சலிப்பு எல்லாவற்றையும் ஈமானின் பலவீனம் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கின்றது. அது சரியன்று. வெளிச்சம் குறையும் மாதங்களில் சிலருக்கு உறக்கம் மிகுந்து, எதிலும் நாட்டமின்றி, காரணமில்லாமல் அழுகை வருவதை 1984ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நோயாக விவரித்து எழுதினார்கள்; பருவகால மனச்சோர்வு என்று அதற்குப் பெயர். பிரகாசமான விளக்கொளியின் முன் காலையில் சிறிது நேரம் அமர்த்துவது முதலான சிகிச்சைகளும் இருக்கின்றன. நோய்க்கு மருந்து தேடுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். உங்கள் மனைவியோ தாயோ இந்த நிலையில் இருந்தால் திக்ரை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடாதீர்கள். திக்ரோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

தாயைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. சூப்பர் விசாவில் ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட உம்மாமார்கள் பலர் நம் வீடுகளில் இருக்கின்றார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் காத்தான்குடியிலும் அவர்களுக்கு ஒரு தெருவே இருந்தது. அஸருக்குப் பிறகு அடுத்த வீட்டு ராத்தா வருவார், பின்வாசல் வழியாகப் பேச்சு நடக்கும், ஆட்டுக்குட்டி வந்து நிற்கும். இங்கே சன்னல் இருக்கின்றது. சன்னலுக்கு வெளியே வாகனங்கள் நிறுத்துமிடம் இருக்கின்றது. மகன் வேலையில், மருமகள் வேலையில், பேரப்பிள்ளைகளுக்கோ ஆங்கிலம்தான் வசதி. மகனிடம் குறை சொன்னால் பாரமாகிவிடுவோமோ என்று அந்த உம்மா எல்லாம் நலம் என்பார். ஒரு நாளில் பதினைந்து நிமிடம், தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு, அவர் சொல்லும் பழைய கதையை முதன்முறை கேட்பதுபோல் கேளுங்கள். வெளியே அழைத்துச் செல்வதாயின் படியில் உறைந்த பனியை முதலில் உடைத்துவிடுங்கள். வழியில் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை. உங்கள் வாசலோடு நிறுத்தாமல் பக்கத்து வீட்டு முதியவரின் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டால் ஷவல் தேய்ந்துவிடாது.

உளூவைப் பற்றி ஒரு சிறு விளக்கம், ஏனெனில் கேள்விகள் வருகின்றன. சிரமமான நேரங்களிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழித்து அந்தஸ்துகளை உயர்த்தும் என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகின்றது. இதைக் கேட்டுவிட்டு, வெந்நீர்க் குழாய் இருக்க, நன்மை அதிகம் என்று பனிபோன்ற நீரில் பிள்ளைகளை உளூச் செய்யச் சொல்லுகின்றார் ஒருவர். சிரமம் வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். சிரமத்தை விலை கொடுத்து வாங்கி வரச் சொல்லவில்லை. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தாதுஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையாகி, குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி, தயம்மும் செய்து தொழ வைத்தார்கள். செய்தி எட்டியபொழுது நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள்; கண்டிக்கவில்லை. கடுங்குளிர் இரவில், இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு பாங்கோடு சேர்த்து அறிவிக்கச் செய்ததும் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையில் உள்ளதுதான். ஆகவே பனிப்புயல் எச்சரிக்கை வந்த இரவில் வீட்டில் தொழுங்கள். ஆனால் மனைவி மக்களோடு ஜமாஅத்தாகத் தொழுங்கள்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மதீனாவில் ஒரு வீடு இரவில், உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. அதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கச் செல்லும்பொழுது அதை அணைத்துவிடுங்கள் எனும் கருத்தில் எச்சரித்தார்கள். 2013 டிசம்பரில் இந்நகரத்தைப் பனிமழை தாக்கியது பலருக்கு நினைவிருக்கும். மரங்கள் கண்ணாடிபோல் உறைந்து மின்கம்பிகள் மேல் விழுந்தன. டொரன்டோவில் மட்டும் சுமார் 3,00,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போயிற்று, சில வீடுகளுக்குப் பல நாட்கள். அப்பொழுது குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் மூடிய இடத்துக்குள் வைத்தவர்கள் நச்சுப் புகையால் பாதிக்கப்பட்டார்கள்; மாகாணத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவார். அதைக் கண்டறிந்து ஒலி எழுப்பும் கருவி உங்கள் வீட்டில் வேலை செய்கின்றதா என்று இன்றிரவே பொத்தானை அழுத்திப் பாருங்கள். காரேஜுக்குள் காரை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள்.

அந்த நாட்களைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். மின்சாரம் வந்துவிட்ட வீட்டார் வராத வீட்டாரை அழைத்துக்கொண்டார்கள். இரண்டு அறைகளில் மூன்று குடும்பங்கள். ஒரே சட்டியில் கஞ்சி. கம்பளங்களை விரித்து எல்லோரும் ஒரே கூடத்தில் உறங்கினார்கள். இன்றும் அந்தப் பிள்ளைகள், இப்பொழுது வாலிபர்கள், அதைப் பெருநாள்போல் பேசிக்கொள்ளுகின்றார்கள். குளிர் அன்று இப்பொழுதைவிடக் கடுமையாகத்தான் இருந்தது.

அஹ்ஸாப் போரின் அந்த இரவை நினைத்துக்கொள்ளுங்கள். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு. பசி, பயம், குளிர்காற்று. எதிரிகளின் செய்தியை அறிந்து வருவதற்கு ஆள் கேட்டபொழுது ஒருவராலும் எழ முடியவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஹுதைஃபா (ரலி) அவர்களைப் பெயர் சொல்லி அனுப்பினார்கள். போகும்பொழுதும் வரும்பொழுதும் வெந்நீர்க் கூடத்தில் நடப்பதுபோல் இருந்தது என்றும், பணி முடிந்ததும் மீண்டும் குளிர் பற்றிக்கொண்டது என்றும் அவர்களே கூறுகின்றார்கள். அப்பொழுது நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுதுகொண்டிருந்த மேலங்கியின் ஒரு பகுதியை அவர்கள் மேல் போர்த்தினார்கள். ஹுதைஃபா (ரலி) விடியும்வரை உறங்கினார்கள். படைத்தலைவர், அதுவும் அந்த இரவில், நடுங்கும் ஒரு தோழருக்குத் தம் ஆடையில் பங்கு கொடுத்தார்கள். ஹிரா குகையிலிருந்து நடுங்கி வந்த நாளில் அன்னை கதீஜா (ரலி) அவர்கள் போர்த்திவிட்டதையும் அவர்கள் அறிவார்கள் அல்லவா!

வீட்டில் இன்று யார் நடுங்குகின்றார் என்று பாருங்கள். அது உங்கள் தாயாக இருக்கலாம், புதிதாக இந்நாட்டுக்கு வந்த மருமகளாக இருக்கலாம், இரண்டு வேலை பார்க்கும் கணவராகவும் இருக்கலாம். தாய்மார்களே, உங்களுக்கும் சொல்லுகின்றேன்: இருட்டில் போய் இருட்டில் வருபவர் கதவைத் திறந்ததும் அன்றைய குறைகள் அனைத்தையும் வாசலிலேயே வைக்காதீர்கள். பூட்ஸைக் கழற்றட்டும், ஒரு கோப்பை இஞ்சித் தேநீர் குடிக்கட்டும். தேநீரை அவரே போட்டு உங்களுக்கும் ஒன்று தந்தால் அது ஸுன்னத்துக்கு இன்னும் நெருக்கம்.

இப்பொழுது, பிறகு வருகின்றேன் என்று சொன்ன விஷயம். ரமளான் வாசலில் நிற்கின்றது. அதற்குள் இருக்கும் வாரங்களிலும், ரமளானுக்குப் பிறகு பனி கரையும்வரையிலும், சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து லுஹர் வரை இப்பள்ளியின் கீழ்த்தளக் கூடம் பெண்களுக்காகத் திறந்திருக்கும். பயான் கிடையாது, வகுப்பு கிடையாது. வரலாம், தேநீர் குடிக்கலாம், பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நிர்வாகிகளிடம் கேட்டபொழுது, கூடத்தைச் சூடாக்கும் செலவு குறித்துத் தயக்கம் தெரிவித்தார்கள், நியாயமான தயக்கம்தான். ரமளான் அலங்கார விளக்குகளுக்காக ஒதுக்கியதில் பாதியை இதற்குத் திருப்பிவிடலாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக! உம்மாமார்களை வீட்டிலிருந்து அழைத்துவரக் கார் உள்ள வாலிபர்கள் நால்வர் தேவை. தொழுகை முடிந்ததும் முஅத்தினிடம் பெயர் கொடுங்கள்.

பிள்ளைகளோடு வர விரும்பும் தாய்மார்கள் வரலாம். பிள்ளைகள் இல்லாமல் வர விரும்பினால், அந்த இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வாப்பாவோடு வீட்டில் இருக்கட்டும். இதை ஆண்கள் பகுதியில் உள்ள எல்லோரும் கேட்டுக்கொண்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளுகின்றேன்.

ஜும்ஆவின் முன் ஸுன்னத்தை இன்னும் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள்.